ஆறு துளைத் தகடு

சுங்கை கெலாடி செம்பனை ஆலையில்
சுவிட்ச் பெட்டிக் கைப்பிடியில் ஒரு தகடு தொங்கும்.
ஆறு துளை.
எந்திரத்துக்குள் இறங்குகிறவன், கூட நிற்கிறவன்,
ஆளுக்கொரு பூட்டை மாட்டிச்
சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.
கடைசிப் பூட்டு கழலும்வரை
கைப்பிடி மேலே ஏறாது.
சட்டம் அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி
தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில்
குலை ஏற்றிய லோரிகள் கேட்டைத் தாண்டி
ஆ ஹெங் கடை வரைக்கும் நின்றன.
அமிர்தலிங்கம் டைஜஸ்டருக்குள்
தேய்ந்த துடுப்பை மாற்றிக்கொண்டிருந்தார்.
'ஏறிட்டாரு' என்று யாரோ சொன்னார்கள்.
யாரென்று இன்றைக்கும் தெரியாது.
ஆபீஸ் டிராயரில் மாற்றுச்சாவி இருந்தது.
எடுத்தது நான்.

கால் சுற்று.
அதற்குள் அலறல் கேட்டுக் கைப்பிடியை இறக்கிவிட்டேன்.
ஒற்றைக் காலில் பூட்ஸோடு வெளியே வந்தார்.
மற்றது உள்ளே போய்விட்டது.
அடிப்பார் என்று நின்றேன்.
அவர் குழாயடிக்குப் போய்க்
காலைக் கழுவினார், வெகுநேரம்,
எண்ணெய் போன பிறகும்.

மறுநாள் டவுனுக்குப் போய்
தன் காசில் இரண்டு பூட்டு வாங்கி வந்தார்.
மாற்றுச்சாவிகளை ஆற்றில் எறிந்ததாக ரொஸ்லி சொன்னான்.
அன்றிலிருந்து, இறங்குமுன்
எல்லாப் பூட்டையும் இழுத்துப் பார்ப்பார்.
தன்னுடைய இரண்டு, ரொஸ்லியுடையது, ஷஃபிகுலுடையது.
என்னுடையதை மட்டும் மூன்று தடவை.

பேச்சு இல்லாமல் இல்லை.
ஸ்பேனர் அளவு, மழை,
மகளுக்கு மெட்ரிக்குலேஷன் கிடைக்காத சங்கதி கூட.
ஒருநாள் பசியாறும் நேரத்தில் மன்னிப்புக் கேட்டேன்.
'சரி விடு' என்று ரொட்டியைப் பிய்த்தார்.
செவ்வாய்க்கிழமை
மறுபடி மூன்று இழுப்பு.
வாய் விட்டதைக் கை விடவில்லை.
கை தனியாக யோசிக்கும் போல.

போன மாசம், ராத்திரி ஷிஃப்ட்.
தகட்டில் ஒரு பூட்டு, மஞ்சள் பெயின்ட் தடவியது.
பகல் வேலை முடித்துக் கழற்ற மறந்து
வீட்டுக்குப் போயிருக்கிறார்.
போன் அடித்தால் எடுக்கவில்லை.
எஞ்சினியர் ஹம்தான் கார்டைக் காட்டினார்:
ஆறு மணி ஏழு நிமிஷம், வெளியே.
'வெட்டு.'

கட்டர் என் கையில்தான் இருந்தது.
டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். யாருமில்லை.
மறுபடி பார்த்தேன்.
யாருமில்லை என்று எனக்குத் தெரியும்.
அன்றைக்கும்
தெரியும் என்றுதான் நினைத்தேன்.

கட்டரைக் கீழே வைத்துவிட்டு மோட்டரை எடுத்தேன்.
தாமான் முனையில் நாய்கள் துரத்தின.
கைலியோடு கதவைத் திறந்தார்.
சொன்னேன்.
முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
'வெட்டியிருக்கலாமே?'
'வெட்டியிருக்கலாம்.'
வாசல் விளக்கில் ஈசல் மொய்த்தது.
உள்ளே போனார். சட்டைகளைத் துழாவும் சத்தம்.
கூடவே வருவார் என்று
பின்சீட்டு மழைக்கோட்டை எடுத்து ஒதுக்கினேன்.
சாவியை நீட்டினார்.
'நீயே தொற. எனக்குக் காலையில வேல இருக்கு.'
கதவு சாத்தியது.

நாற்பத்தைந்து நிமிஷம் ஆலை நின்றதற்கு
எனக்கு ஒரு கடிதம் வந்தது.
பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'பூட்டு' என்று மட்டும் எழுதியிருந்தேன்.
ஹம்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
அது வேறு கணக்கு, இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அமிர்தலிங்கம் இறங்கினார்.
தன் பூட்டு இரண்டையும் மாட்டினார், எப்போதும்போல.
இழுத்துப் பார்த்தார்.
ரொஸ்லியுடையதை. ஷஃபிகுலுடையதை.
என் பூட்டுக்கு வந்தார்.
ஒரு தடவை இழுத்தார்.

ஏணியில் கால் வைத்தார்.